குடிலைப் பிரிக்கும் முன்



காலையிலிருந்து ஒட்டகப் படமாக வந்து குவிகிறது. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தம்பி, "பக்தி வேற, ஊர் வழக்கம் வேற. திருநாள் அன்னிக்காவது கல்லறைப் பேச்சை எடுக்காதீங்கக்கா" என்று போட்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். அங்கே எழுதினால் சண்டை என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, இந்தத் திருநாளில் பேசாமல் வேறு எந்த நாளில் பேசுவது?

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று பேர் என்று அதில் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் நாமாக எண்ணிக்கொண்டது. ராஜா என்றும் இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் சாஸ்திரிகள், இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் ஞானிகள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களெல்லாம் பிற்பாடு வந்தவை. கிழக்கேயிருந்து வந்த அந்நியர்கள், வானத்தில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். ஆண்டவர் தம்மைக் காட்டியது அவர்களுக்கு. அதனால்தான் இது திருக்காட்சி விழா.

வேதம் கரைத்துக் குடித்தவர்களும் அதே அதிகாரத்தில் இருக்கிறார்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் 'பெத்லகேம்' என்றார்கள். சரியான விடை, முழு மதிப்பெண். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரம். அவர்களில் ஒருவர் கிளம்பிப் போனதாக ஒரு வரி இல்லை. பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தே காலம் தள்ளிய எனக்கு இந்த இடம் வந்தால் எப்போதும் உறுத்தும்.

ஊர் வழக்கம் என்கிறீர்களே, அதன் வயசு தெரியுமா? புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் சாதி பார்த்துப் பிரித்த சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் சாமியாரிடம் முறையிட்டு அது இடிபட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு 2008 மார்ச் 9, எறையூர். நம்முடைய புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம்தான். தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 263 வருஷத்தில் சுவர் கோவிலுக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் அது கல்லறைத் தோட்டத்துக்குள் நின்றது.

உங்களை மட்டும் சொல்லவில்லை. மறைக்கல்வி வகுப்புக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வருஷா வருஷம் வேஷம் பிரித்துக் கொடுத்தவள் நான். ஜரிகைக் கிரீடம் ஊர்த்தெருப் பிள்ளைக்கு. இடையன், ஆடு, ஒட்டகத்தின் பின்னங்கால் எல்லாம் காலனிப் பிள்ளைக்கு. யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, கை தானாக அப்படிப் போயிற்று. ஒரு வருஷம் ஒரு பையன், அவன் அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர், குடிலில் இருந்த கறுப்பு ராஜா பொம்மையைக் காட்டி, "டீச்சர், இவரு எங்க தெருவா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "போய் ஆட்டுத் தோலை மாட்டு" என்றேன். இந்தப் பதிவை அவன் படிப்பான். மன்னித்துக்கொள் ராஜா.

பக்தி ஆழமாக வேண்டும் என்று தியானம், திருயாத்திரை என்று ஊர் ஊராகப் போகிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். காலனித் தெருவில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டு வாசல் ஏறி உட்கார்ந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஞானிகள் கோவிலுக்குள் போகவில்லை, ஏழைத் தச்சன் இருந்த வீட்டுக்குள் போய் மண்டியிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குப் பேரவையில் கல்லறை விஷயத்தை எழுத்தில் கொடுக்கிறேன். பெருமாட்டேன் என்பவர்கள் முகத்துக்கு நேரே சொல்லட்டும். கையெழுத்துப் போட விரும்புகிற சொந்தங்கள் எட்டு மணிக்கு வாருங்கள். தம்பி, நீங்களும்தான். பேனா நான் கொண்டு வருகிறேன்.