விருப்பத்தின் பேரில்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய நிறுவனமொன்றில் ஒரு செயலியின் ஒப்புதல் திரையைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'ஒப்புகிறேன்', மற்றொன்று 'இப்போது வேண்டாம்'. முதலில் இரண்டாவது பொத்தானைச் சாம்பல் நிறமாக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் அதன் எழுத்தைச் சிறிதாக்கினோம். பிறகு பொத்தானே வேண்டாம், ஓரத்தில் ஒரு வரியாக இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் அந்த வரியையும் எடுத்துவிடும்படி உத்தரவு வந்தது. கூட்டத்தில் மறுத்துப் பேசினேன். "நாம யாரையும் வற்புறுத்தலையே சார், வேண்டாதவங்க செயலியையே எடுத்துடலாமே" என்று பதில் வந்தது. அரை நாள் வேலை. செய்து கொடுத்தேன். ஒப்புதல் தந்தோர் விழுக்காடு உயர்ந்துவிட்டதென்று மறுவாரம் பாராட்டு மடலும் வந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. தனியுரிமை பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார் அரசைச் சாடுவார்கள். இன்னொரு சாரார் பெருநிறுவனங்களைச் சாடுவார்கள். இரு தரப்புக்கும் பொத்தான் செய்து கொடுத்துக் கூலி வாங்கும் எங்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இருபுறமும் புழங்கும் ஒரு சொற்றொடரைப் பற்றியும் எழுவதில்லை. 'விருப்பத்தின் பேரில்' என்பதே அது.

வாக்காளர் பட்டியலுடன் ஆதார் எண்ணை இணைப்பதற்காக 2022இல் வந்த படிவம் 6பி-யை எடுத்துக்கொள்வோம். இணைப்பது அவரவர் விருப்பம் என்றே அரசுத் தரப்பு அறிவித்தது. படிவத்திலோ இரண்டே வழிகள் இருந்தன. எண்ணை எழுதலாம், அல்லது 'என்னிடம் ஆதார் எண் இல்லாததால் தர இயலவில்லை' என்று குறிக்கலாம். எண் இருக்கிறது, ஆனால் தர மனமில்லை என்பவர் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? ஒன்று எண்ணைத் தர வேண்டும், அல்லது கையெழுத்திட்டுப் பொய் சொல்ல வேண்டும். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2023 செப்டம்பரில், எண் தருவது கட்டாயமில்லை என்றும் படிவங்களில் உரிய மாற்றம் செய்யப்படும் என்றும் தேர்தல் ஆணையம் உறுதியளித்தது. அதே விசாரணையில் தெரிய வந்த இன்னொரு செய்தி, அதற்குள் 66 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் பதிவேற்றப்பட்டுவிட்டன என்பது. அந்தப் படிவத்தை வரைந்தவர் யாரென்று அறியேன். ஆனால் அவர் செய்த வேலையை அறிவேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஆதாரின் வரலாறே இந்தச் சொற்றொடரின் வரலாறுதான். 2009இல் ஆணையம் அமைந்தபோது விருப்பம். ஆதார் இல்லை என்பதற்காக எவரும் அல்லலுறக் கூடாதென்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டபோதும் விருப்பம். 2016 மார்ச்சில் பண மசோதா என்ற பெயரில் சட்டம் வந்து, மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை தள்ளிவிட்ட பிறகு, மானியம் வேண்டுவோருக்கு அது கட்டாயமாயிற்று. 2017 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறையின் சுற்றறிக்கையொன்று நாட்டிலுள்ள கைப்பேசி இணைப்புகள் அனைத்தையும் ஆதார் வழியே மறுசரிபார்ப்புச் செய்யச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படியே செய்கிறோம் என்று காரணம் காட்டியது. அப்படியோர் ஆணையை நாங்கள் இடவில்லையே என்று அதே நீதிமன்றம் மறு ஆண்டு கேட்டது!

இவ்விடத்தில் ஏர்டெல் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிம் மறுசரிபார்ப்புக்காகக் கடையில் விரல் வைத்தவர்களின் பெயரில், அவர்கள் அறியாமலேயே, அந்நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குகள் தொடங்கப்பட்டன. மானியம் செல்லும் ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவரது ஆதாருடன் கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைகிறதோ, பணம் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே சமையல் எரிவாயு மானியம் வழக்கமான கணக்கை விட்டுவிட்டு, இருப்பதே தெரியாத புதுக் கணக்கில் விழத் தொடங்கியது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. நிறுவனத்தின் பேராசை என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வாடிக்கையாளரைக் கடைக்கு வரவழைத்தது அரசின் சுற்றறிக்கை. கட்டாயத்தை அரசு கொடுத்தது, இலாபத்தை நிறுவனம் எடுத்தது. 'ஒப்புகிறேன்' என்ற குறியை இட்டது எங்களைப் போன்ற எவரோ எழுதிய நிரல்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. அப்படியோர் உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்று வாதாடியது நம்முடைய அரசு. 2018 செப்டம்பர் தீர்ப்பு தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிசெய்த பகுதியை நீக்கியது. 2019இல் சட்டத்திருத்தம் வந்தது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் பயன்படுத்தலாம், வாடிக்கையாளரின் விருப்பத்தின் பேரில். 2025 ஜனவரியில் வந்த விதிகள் அரசு சாரா அமைப்புகளுக்குக் கதவை இன்னும் அகலத் திறந்தன. அங்கும் விருப்பந்தான்.

கொரோனா காலத்து ஆரோக்கிய சேதுவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஏப்ரலில் விருப்பச் செயலியாக வந்தது. மே முதல் தேதியன்று உள்துறை அமைச்சகம் அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நூறு விழுக்காடு ஊழியர்கள் வைத்திருப்பதை உறுதிசெய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்றது. அரசு வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. சம்பளம் தருகிறவரிடம் சொன்னால் போதும். இரண்டு வாரம் கழித்து 'இயன்ற அளவு' என்று சுருதி இறங்கியது. அந்த அக்டோபரில் செயலியை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு உரிய துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரிக்க, மத்தியத் தகவல் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதன்பின் அரசு சொன்ன விளக்கம்: தொழில்துறையிலும் கல்வித்துறையிலும் இருந்து வந்த தன்னார்வலர்கள் தேசியத் தகவல் மையத்துடன் சேர்ந்து உருவாக்கினார்கள். செய்தவர்களும் விருப்பத்தின் பேரில்தான் செய்தார்கள் போலும்.

கூகுளுக்கும் முகநூலுக்கும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு அரசிடம் மட்டும் முகம் சுளிப்பதேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முன்னவர்களுக்கும் நாம் விரும்பிக் கொடுக்கவில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் புதிய தனியுரிமைக் கொள்கையை நீட்டியபோது, மறுத்துவிட்டு அதில் நீடிக்க வழி வைக்கவில்லை. அந்தக் கொள்கைக்காகவே 2024 நவம்பரில் போட்டி ஆணையம் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப்பால் என் ரேஷன் அரிசியை நிறுத்த முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு போல, ஒற்றறிய உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறை என்று கணினிப் பொறுப்பாளரை மிரட்டவும் முடியாது. நிறுவனம் திரட்டி வைத்திருப்பதை அரசு இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். ஆகையால் ஒருவரிடம் கொடுத்தது இருவரிடமும் கொடுத்ததே.

2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் சரிசெய்யும் என்றார்கள். ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் ஐயத்துக்கிடமின்றியும் தரப்பட வேண்டும் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு அழகாகவே சொல்கிறது. 17ஆம் பிரிவோ, அரசு தான் விரும்பும் அமைப்பை ஓர் அறிவிக்கை மூலம் சட்டத்திலிருந்தே விலக்கிவிட இடமளிக்கிறது. சட்டம் முழுவதிலும் விருப்பம் என்ற சொல்லுக்கு அதன் உண்மையான பொருள் இருப்பது இங்கு மட்டுமே.

2025 நவம்பர் 28 அன்று, இனி விற்பனைக்கு வரும் கைப்பேசிகளில் சஞ்சார் சாத்தி செயலியை 90 நாட்களுக்குள் முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமிருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பியதும், வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று துறை அமைச்சரே சொன்னார். டிசம்பர் 3ஆம் தேதி, முன்கூட்டியே நிறுவும் கட்டாயம் கைவிடப்பட்டது. உத்தரவுக்கும் கைவிடலுக்கும் நடுவே ஐந்து நாட்கள். அந்த நாட்களில் ஏதோவொரு கைப்பேசி நிறுவனத்தில், நீக்கும் வழியை மறைக்கும் அரை நாள் வேலை யாரேனும் ஒரு பொறியாளரின் மேசைக்கு வந்திருக்கக்கூடும். வந்திருந்தால் அவர் கூட்டத்தில் மறுத்துப் பேசினாரா, பேசிவிட்டு என்னைப் போலச் செய்து கொடுத்தாரா என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.