மலையில் மனை வாங்குவோர் கேட்காத கேள்வி

வீட்டுமனையில் முதலீடு செய்வோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. சாலை எவ்வளவு தொலைவு? தண்ணீர் கிடைக்குமா? வங்கிக் கடன் வருமா? ஐந்தாண்டுகளில் விலை எவ்வளவு உயரும்? ஜவ்வாது மலையில் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. இந்நிலம் முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் வழங்கப்பட்டது?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்துள்ள இம்மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். அருகிலுள்ள ஏலகிரியில் அதே மக்களின் ஊர்களுக்கிடையே விடுதிகளும் ஓய்வு இல்லங்களும் பெருகியிருப்பதை நாம் காண்கிறோம். ஜமுனாமரத்தூரும் புதூர்நாடும் அதே வழியில் செல்ல வேண்டுமா என்பதே இன்றைய கேள்வி.

மலை நிலம் அனைத்தும் ஒரே தன்மையுடையதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பெற்ற நிலம் வாரிசுகளுக்குச் செல்லும். எவருக்கும் விற்க இயலாது. அரசு ஒப்படை செய்த நிலத்துக்கு நிபந்தனைப் பட்டா உண்டு. நிபந்தனையை மீறினால் ஒப்படையே ரத்தாகலாம். சமவெளியில் பஞ்சமி நிலத்தின் கதையும் இதுவே. 1892ஆம் ஆண்டு அரசாணைவழி வழங்கப்பட்ட அந்நிலங்களைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் கோரிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

அண்டை மாநிலங்கள் சட்டத்தால் வேலியிட்டுள்ளன. ஆந்திராவின் பட்டியல் பகுதிகளில் பழங்குடியல்லாதார் நிலம் வாங்குவதை 1970இல் திருத்தப்பட்ட நிலமாற்ற ஒழுங்குமுறை தடுக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தை மீட்டளிக்கக் கர்நாடகம் 1978இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டிலோ ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டப் பிரிவு 22-அ, கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம் ஆகியவற்றின் பத்திரப்பதிவைத் தடுக்கிறது. அப்பட்டியலில் பஞ்சமி நிலமும் பழங்குடியினர் நிலமும் தனி வகையாக இடம்பெறவில்லை. இந்த இடைவெளி வழியாகத்தான் தரகர் நுழைகிறார்.

‘அவர்களே விரும்பி விற்கிறார்கள்’ என்பர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைக்கும் நிலையிலுள்ள குடும்பத்திடம் முன்பணத்தை நீட்டிப் பெறும் கைநாட்டை விருப்பம் என்று நாம் எப்படி ஏற்பது?

வாங்குவோருக்கும் இது பாதுகாப்பான முதலீடு அன்று. பொது அதிகார ஆவணத்தின் வழி நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆவணங்களைப் புனைந்து பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிலத்தை ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; 2015 திருத்தம் வன உரிமையில் தலையிடுவதையும் குற்றமாக்கியது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்வதும் சட்டமீறலே.

ஆகவே மாணவர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியவை உள்ளன. மலையூர்களில் மனைவிற்பனைப் பலகை தென்பட்டதும் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்வோம். அ-பதிவேட்டின் நகலையும் ஒப்படை ஆணையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோருவோம். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். ஒப்படை நிபந்தனையைக் காட்டாது என்பதை ஊராருக்கு விளக்குவோம். நிபந்தனை மீறப்பட்டிருந்தால் சார்பதிவாளர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் எழுத்துவழி ஆட்சேபம் அளித்து ஒப்புகை பெறுவோம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவோம்.

இவை தற்காப்பு மட்டுமே. கர்நாடகத்தைப் போன்ற நில மீட்புச் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு இயற்ற வேண்டும் என்பதே நமது கோரிக்கை. நிலம் கைமாறிய பின் வழக்காடுவது தலைமுறைக் கணக்கில் நீளும். பத்திரம் பதிவாகும் முன்பே அதைத் தடுக்கும் சட்டம் இங்கு வேண்டும்.