இரைச்சலுக்கும் முகவரி உண்டு



"ஃபுல் வேவ் ரெக்டிஃபையரின் ரிப்பிள் ஃப்ரீக்வன்சி என்ன?" என்று வைவாவில் கேட்டால், தூக்கத்தில் எழுப்பினால்கூட "100 ஹெர்ட்ஸ் சார்" என்று சொல்லிவிடுவோம். சரி, அந்த 100 ஹெர்ட்ஸ் காதுக்கு எப்படிக் கேட்கும்? அதைச் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

நம் லேபில் கொடுப்பதெல்லாம் நல்ல சர்க்யூட். பேட்ச் கார்டைச் செருகுகிறோம், ரீடிங் எடுக்கிறோம், கிராஃப் போடுகிறோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். முடிந்தது கதை! ஆனால் டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியே போனால் நல்லா ஓடுற மெஷினை யார் நம்மகிட்ட கொண்டு வரப்போறாங்க? ஓடாததும், ஓடியும் தொல்லை கொடுப்பதும்தான் வரும். ஆகவே ஒவ்வொரு லேபிலும் பழுதான கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் 'ம்ம்ம்...' என்று இரையும் ஒரு டர்ன்டேபிள் செட் இருந்தால் மிகவும் நல்லது.

"இந்தக் காலத்துல யாருடா இசைத்தட்டு கேக்குறான்?" என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 2022-ல் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, சி.டி.க்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆனால் நான் டர்ன்டேபிளைச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. அதில் வரும் சிக்னல் ரொம்பச் சின்னது. அதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை ஃபோனோ ப்ரீஆம்ப் 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டை வெட்டும்போதே பாஸ் ஒலியைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். கேட்கும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். 1954-லிருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அளவுமுறை இருக்கிறது. அதன்படி 50 ஹெர்ட்ஸுக்கு இன்னும் 7 மடங்கு கூடுகிறது. மொத்தம் 700 மடங்கு! நம்ம ஈ.பி. கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தானே? ஒரு மில்லிவோல்ட்டில் நூறில் ஒரு பங்கு ஒயரில் ஏறினால் போதும், வெளியே வரும்போது அது 7 மில்லிவோல்ட். பாட்டின் மெல்லிய இடங்களில் தெளிவாகக் கேட்கும்.

இரைச்சல் என்பது பேய் பிசாசு அல்ல. எந்த இரைச்சலுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் அதுவே தன் முகவரியைச் சொல்லும்.

அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ்: எர்த் அல்லது ஷீல்டு ஒயர் கோளாறு, இல்லையேல் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பாக, ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கேட்டால் 100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளையில் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றால் ஆம்ப்ளிஃபையரைத் திறக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 1.8 விநாடி. ஆகவே கீறல் தட்டில்தான் இருக்கிறது. இடி உருள்கிற மாதிரி 'கடகட' என்றால் பேரிங்கையும் மோட்டாரையும் பாருங்கள். வால்யூம் ஏற ஏற ஊளையிட்டால், ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். மேஜையை மாற்றினால் போதும்.

அடுத்தது, பாதிப் பாதியாகப் பிரிப்பது. வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். இன்னும் இரைகிறதா? வால்யூமுக்குப் பின்னால்தான் கோளாறு. இல்லையா? செலக்டரை ஆக்ஸுக்கு மாற்றுங்கள். அங்கே அமைதி என்றால் ஃபோனோ பக்கம்தான். இப்போது செட்டை ஆஃப் செய்து, டர்ன்டேபிள் ஒயரைக் கழற்றி, ஃபோனோ இன்புட்டை ஷார்ட் செய்து திரும்ப ஆன் பண்ணுங்கள். இரைச்சல் போய்விட்டால் ப்ரீஆம்ப் நிரபராதி! ஒரு சேனல் மட்டும் இரைந்தால் இடது வலது பின்னை மாற்றிச் செருகுங்கள். இரைச்சலும் கூடவே இடம் மாறினால் கோளாறு அந்தப் பின்னுக்கு முன்னால், மாறாவிட்டால் பின்னால். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததை நோட்டில் எழுத வேண்டும். இத்தனைக்கும் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை பாருங்கள்!

எங்கள் பக்கத்துத் தெருவில் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவருடைய செட் இரைந்தது. ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் வந்து, ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் எர்த் ஒயரை வெட்டிவிட்டு, "சத்தம் கொறஞ்சிருச்சுல்ல? மிச்சமும் போகணும்னா ஆம்ப் புதுசா வாங்கணும்" என்று சொல்லிப் போய்விட்டார். "டிப்ளமா படிக்கிறியே தம்பி, நீ பாரேன்" என்றார் ஐயா.

முதலில் மெயினை ஆஃப் செய்து, எர்த் ஒயரைத் திரும்பப் பொருத்தி, சேஸிஸுக்கும் எர்த் பின்னுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தேன். போட்டதும் இரைச்சல் கூடியது. நல்லதாகப் போயிற்று, அதுவே ஒரு தடயம்! கேபிள் டி.வி. பெட்டியிலிருந்து ஒரு ஆடியோ ஒயர் ஆம்ப்ளிஃபையருக்கு வந்திருந்தது. கேபிளின் ஷீல்டு வழியாக இன்னொரு எர்த். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம். அந்த ஆடியோ ஒயரைக் கழற்றியதும் முக்கால்வாசி அடங்கிவிட்டது. மிச்சம் இடது சேனலில் மட்டும். பின்னை மாற்றிச் செருகினேன், வலதுக்குப் போனது. அப்படியானால் டர்ன்டேபிள் பக்கம். ஊசித்தலையில் சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று நான்கு மெல்லிய ஒயர்கள் உண்டு. இடது சேனலின் நீல ஒயர் கிளிப் கறுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது. துடைத்து, ட்வீசரால் லேசாக இறுக்கினேன். கடைசியாக ஒரு 'டிர்ர்' மட்டும் மிஞ்சியது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் நின்றது, குறைத்தால் வந்தது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்! சிக்னல் ஒயரை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டோம். மொத்தச் செலவு: ஒரு டீ, அதுவும் ஐயா வாங்கிக் கொடுத்தது.

இதில் எனக்கு மறக்க முடியாதது பாட்டு அல்ல, வெட்டப்பட்ட அந்த எர்த் ஒயர்தான். நண்பர்களே, மூன்று பின்னில் எர்த் பின்னை ஏன் நீளமாக வைத்திருக்கிறார்கள்? செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. அதை வெட்டிவிட்டால் நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் சேஸிஸில் பட்டால், அந்தக் கரண்டுக்கு வழி எது? மெல்லிய கேபிள் ஷீல்டு, அல்லது தொடுகிறவர் உடம்பு. உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி.யே 30 மில்லிஆம்பியருக்கு டிரிப் ஆகும்படி வைக்கப்படுகிறது என்றால் ஆபத்து எவ்வளவு சின்ன கரண்டில் இருக்கிறது என்று யோசியுங்கள். எர்த் வளையத்தை சிக்னல் பக்கத்தில்தான் உடைக்க வேண்டும். பவர் பக்கத்தில் ஒருநாளும் கூடாது.

எங்கள் வீட்டில் முதல் படிப்பாளி நான். அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். எர்த் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் முதலில் தெரிந்துகொண்ட ஆளும் நான்தான். கிரைண்டரில் "சுருக்குன்னு அடிக்குதுடா" என்று அம்மா சொன்னால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். உங்களில் பல பேருக்கும் இதே நிலைமைதான். ஊரே நம்மை நம்புகிறது. "எர்த்தைக் கழட்டிடு" என்று நாமும் சொன்னால், மூன்று வருஷம் படித்ததற்கு என்ன அர்த்தம்?

டர்ன்டேபிளோடு இது நிற்காது. ஈ.சி.ஜி. எந்திரத்துக்கு இதயம் கொடுப்பது சுமார் 1 மில்லிவோல்ட். கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குக் கொடுப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட். ஆஸ்பத்திரியிலும் பாய்லர் பக்கத்திலும் வேலைக்குப் போகிறவன் சந்திக்கப்போவது இதே 50 ஹெர்ட்ஸைத்தான், இதே ஷீல்டு ஒயரைத்தான். அங்கே இரைச்சல் என்றால் தப்பான ரீடிங்.

ஆகவே நம் துறைக்கும் பேரவைக்கும் என் வேண்டுகோள்: லேபில் ஒரு மேஜையைப் பழுதுக்கென்றே ஒதுக்குங்கள். வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய செட்டுகளை நாங்களே கொண்டு வருகிறோம். வாரம் ஒரு பீரியட், ஒரு கோளாறு. விடையைச் சொல்லாமல், எங்களையே தேட விடுங்கள். மார்க் கொடுப்பதாக இருந்தால் சரிசெய்ததற்கு மட்டும் வேண்டாம். எப்படித் தேடினோம் என்று எழுதிய நோட்டுக்கும் கொடுங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை ஏதாவது ஒரு செட் இரைந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் சும்மா நின்று கேளுங்கள்.

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை