ஆலோசனை அவர்களுடையது, அரைப்பேர் நமக்கா?



2015இல் களைகொல்லியான கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தத் தடையையும் நீக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கொழும்பில் நிபுணர்கள் கூடினார்கள். மலையில் நிற்கும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்டவர் எவர்?

களை மண்டிய மலையில் அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே கொழுந்தெடுத்தது நாம். உரம் காணாத செடியில் கொழுந்து வராது. இது பிரட்டுக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிலோ குறைந்தால் நமக்குத்தான் அரைப்பேர். தடை போட்டவர்களில் யாருக்காவது அரைப்பேர் விழுந்ததா?

படிப்பை நாம் பழிக்கவில்லை. 2021இல் விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தார்கள். அவர்கள் பேச்சும் எடுபடவில்லை. அதிகாரத்துக்குப் பிடித்ததைச் சொல்பவரே நிபுணர் என்றால், நட்டம் எப்போதும் லயத்துக்குத்தான் வந்து சேரும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. தோட்டத் தொழிலைப் பற்றி எந்தக் குழு கூடினாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் பால் வெட்டும் தொழிலாளிக்கும் அதில் இடம் வேண்டும். மேலிடத்து முடிவால் விளைச்சல் விழுந்தால் கிலோவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே! அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.