கணக்கெடுத்த பறவைக்கு மரம் யார் தருவது?

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015-இல் தொடங்கியது. கால் மணி நேரமாவது நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். சேர்வராயன் மலைக்காரர்கள் அதற்காக அலைய வேண்டியதில்லை. கரடியூர்ப் பாதையில் காப்பித் தோட்டங்களை ஒட்டி நடந்தால், வடக்கிலிருந்து வந்த சாம்பல் வாலாட்டி ஓடையோரம் தென்படலாம். அந்தி மங்கும்போது ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கலாம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் பலாமரமும் நல்ல இடம்தான்.

கணக்கெடுப்பு நல்ல வேலை. ஆனால் பட்டியல் மட்டும் பறவையைக் காப்பாற்றாது.

இலைக் கதிர்குருவியைப் பாருங்கள். பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. இமயமலைப் பக்கமிருந்து பறந்து வந்து, பனிக்காலம் முழுக்கச் சில மரங்களைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, வேறு கதிர்குருவி வந்தால் விரட்டும். மறு ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்புவது ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி. அந்த மரங்களை வெட்டிவிட்டால், அது எந்த எல்லைக்குத் திரும்பும்?

அந்த மரங்களில் பல வனத்துறைக்குச் சொந்தமில்லை, தோட்டக்காரருடையவை. அத்தியும் பலாவும் நின்ற இடத்தில் சில்வர் ஓக் வைக்கிறார் என்று அவரைத் திட்டுவது எளிது. மிளகுக்கொடி ஏற வசதி, சீக்கிரம் வளரும், விற்றால் காசு. காப்பி விலை சரிந்த வருடத்தில் குடும்பத்தைத் தாங்குவது அந்த மரம்தான். பறவைக்காக நாட்டு மரத்தை விட்டுவைக்கும் செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பறவைப் படத்தை விளம்பரத்தில் போட்டு அறை வாடகைக்கு விடுபவரும் அதில் பங்கு ஏற்கலாம். அத்திக் கன்று ஒன்றும் பெரிய செலவில்லை. படமெடுக்க வருபவர்கள் கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வெளியே இழுப்பதை நிறுத்தலாம். இரைதேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது அது. காட்சிமுனைக்கு வருகிறவர்கள் ஒலிபெருக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வரட்டும். இதற்கு வனக்காவலர் வந்துதான் சொல்ல வேண்டுமா?

இதையெல்லாம் பேசி முடிவு செய்யச் சட்டமே இடம் தந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதிவைக்க வேண்டும். பொங்கல் முடிந்த சில நாளில் ஜனவரி 26 கிராம சபை வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் எடுத்த கணக்கை அங்கே வாசிக்கலாம். எந்தப் பறவை எந்த மரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தே பதிவேட்டில் எழுதட்டும். சாலையோர மரத்தை வெட்டும் பேச்சு வரும்போது ஊராட்சி முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். தோட்டக்காரரும் விடுதிக்காரரும் கிராம சபையன்று ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த மரத்தை விட்டுவைப்பது, கன்றுக்கு யார் பணம் தருவது என்பதை அப்போதே கேட்டுவிடலாம்.