கணக்கு யார் கையில்?

பெருங்குடிக்காரனுக்குச் சாலைக் கட்டணம் புதிதல்ல! பழைய மாமல்லபுரம் சாலையில் சுங்கச்சாவடி நின்ற நாட்களில், அடையாறு வரை காரில் போய் வருவதற்கும் அவன் காசு வைத்துவிட்டுத்தான் கடந்தான். மெட்ரோ ரயில் பணியால் சாலை குறுகியது. குறுகிய சாலைக்குக் கட்டணமா என்ற குரல் எழுந்தது. கழக ஆட்சி செவிமடுத்தது. 2021 ஆகஸ்ட் 30 முதல் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் வசூல் நின்றது.

ஓடுகிற வண்டிக்குக் கட்டணம் ஒழிந்தது. நிற்கிற வண்டிக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள் தோழர்கள். அதுவும் கைப்பேசி வழியாக!

கைப்பேசி மீது எனக்குக் கோபமில்லை. பழைய துண்டுச்சீட்டு ராஜ்யத்தை மறந்துவிட்டோமா? சீட்டில் அச்சிட்டது ஒரு தொகை, கையில் வாங்கியது வேறொரு தொகை, கருவூலம் கண்டது மூன்றாவது தொகை! 2019இல் மாநகராட்சி செயலியைக் கொண்டுவந்தது. காலியிடத்தைக் காட்டும், நின்ற நேரத்தைக் கணக்கிடும், பணத்தையும் அதிலேயே செலுத்தலாம். காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாய் என்று தொடங்கியது. ஒவ்வொரு ரூபாயும் பதிவாகும். நல்லது.

பதிவாகிறது சரி, யாருடைய ஏட்டில்?

சிகாகோ நகரத்தைப் பாருங்கள். 2008இல் அந்நகர ஆட்சி, தெருவோரத்து 36,000 மீட்டர்களை, மார்கன் ஸ்டான்லி தலைமையில் வந்த முதலாளிக் கூட்டத்துக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. விலை ஏறத்தாழ 115 கோடி டாலர். 97 கோடி டாலர் குறைத்து விட்டுவிட்டீர்கள் என்று அந்நகரின் தலைமை ஆய்வாளரே மறு ஆண்டு அறிக்கை எழுதினார். இன்று தன் தெருவில் திருவிழா நடத்த மீட்டரை மூடினாலும், நகராட்சிதான் கம்பெனிக்கு இழப்பீடு கட்டவேண்டும். தெரு ஊருடையது, வருமானம் வேறொருவனுடையது!

சிங்கப்பூர் வேறு வழியில் போயிற்று. 2017இல் அரசின் பொறியாளர்களே செயலியைச் செய்தார்கள். நிமிடக் கணக்கில் கட்டணம். முன்கூட்டி வண்டியை எடுத்தால் மிச்சப் பணம் திரும்பி வரும்.

நம் சென்னையில்? ஒப்பந்தம் கைமாறியபடி இருந்தது. 2025 ஜூலையில் டெக்ஸ்கோவுடனான ஒப்பந்தம் முடிந்ததும், புதியவர் வரும்வரை கட்டணமில்லை என்று மாநகராட்சியே அறிவித்தது. மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒப்பந்தக்காரர் போனதும் வசூலும் போய்விட்டதென்றால், மாநகராட்சியின் கையில் இருந்தது என்ன? பெயர்ப்பலகையா?

இன்னொன்றும் உண்டு. இந்தச் செயலி இறங்கிய இடங்களில் ஒன்று தியாகராய நகர்ப் பாண்டி பஜார். அதன் உரிய பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகளைப் பணியவைத்தவர். அவர் பெயர் தாங்கிய வீதியில், பட்டன் போன் வைத்திருக்கும் சுமை ஆட்டோக்காரனைப் பார்த்து, "செயலி இல்லையா? இடமில்லை!" என்று யாரும் சொல்லலாமா? ரொக்கம் வாங்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு வேலையும் கூலியும் வேண்டும்.

பெருங்குடிக்கு வருவோம். வானுயர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள். வேலைக்கு வருவோரை இறக்கிவிட்ட வாடகைக் கார்கள் தெருவோரத்தில். மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவன் ஓட்டுநர். நாளை இங்கும் கட்டணம் வந்தால், அவன் கைப்பேசிதான் சிணுங்கும், அவன் பணம்தான் கழியும். காத்திருக்கச் சொன்ன கம்பெனிக்குச் செலவில்லை! அந்தத் தொகையைக் கம்பெனியின் கணக்கில் ஏற்றுவது கைப்பேசிக்கு ஒரு நொடி வேலை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதுவதற்குத்தான் மனம் வேண்டும்.

பதினான்காம் மண்டலத் தோழர்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். செயலி யாருடையது, ஏடு யாரிடம், ஓட்டுநருக்கு என்ன வழி? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.