பத்தாவது போதும், பணம் எங்கே?

மாந்தோப்பில் காய் பறிக்கும் நம்மவர் ஒருவரின் மகன், டிக்கெட் வாங்க வந்தவன், "சார், விமானம் ஓட்டப் பழக என்ன படிச்சிருக்கணும்?" என்று கேட்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்க என்ன இருக்கிறது? மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, பத்தாவது தேர்ச்சி, டாக்டர் சான்று, உள்ளூர்ப் பரீட்சை. அவ்வளவே சட்டம் கேட்பது. (படிப்பை மட்டும் பார்த்தால் அடியேனும் தகுதியுள்ளவனே!) சொந்தத்துக்கு ஓட்டும் உரிமம் பெற 40 மணி நேரம் பறக்க வேண்டும். பிழைப்புக்கு என்றால் 200 மணி. ஒவ்வொரு மணிக்கும் பெட்ரோல், ஆசிரியர், விமான வாடகை. மொத்தம் பல லட்சம். தோப்புக் கூலியில் ஆகிற காரியமா?

1929-ல் இந்தியாவில் முதல் உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா செல்வந்தர், தம் பணத்தில் பறந்தார். திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி அகாடமியோ அரசு ஆதரவில் நடப்பது. அதில் ஆண்டுக்கு இரண்டு இடமாவது கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு முழுச் செலவோடு ஒதுக்கலாமே. கோவிந்தாபுரம் எல்லையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதில் சேர வேண்டும். "நீ தமிழ்நாட்டுக்காரன்" என்று இங்கேயும், "நீ கேரளத்தில் இருப்பவன்" என்று அங்கேயும் கைவிரிப்பது நமக்குப் பழகிப்போன கதை.

பையன் மறுபடி டிக்கெட்டுக்கு வருவான். அதற்குள் நம் எம்.எல்.ஏ. ஒரு பதில் வாங்கித் தரட்டும்.